டெல்பி: வாயுவைத் தேடியவர்களும் சுவரைத் தாண்டிப் போனவர்களும்

டெல்பியைப் பற்றி எந்தக் காணொளியைத் திறந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் வாயு வந்துவிடுகிறது. கோயிலுக்கு அடியில் ஒரு பாறைப் பிளவு, அதிலிருந்து எத்திலீன், அதை முகர்ந்த பூசாரிணி மயங்கி உளறினாள், அந்த உளறலைக் கேட்டுத்தான் கிரேக்க நகரங்கள் போருக்குப் போயின, குடியேற்றங்கள் அமைத்தன. முடிந்தது கதை. "ஆயிரம் ஆண்டு மர்மத்தை அறிவியல் உடைத்தது" என்று தலைப்பும் போட்டுவிடுவார்கள்.

போன வருடம் டெல்பிக்குப் போய் வந்தேன். போவதற்கு முன்னாலும் வந்த பிறகும் இது சம்பந்தமாகக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நான் புவியியலாளன் இல்லை, கிரேக்கம் தெரியாது, மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன். ஆனாலும் இந்த வாயுக் கதை மீது எனக்கு இரண்டு புகார்கள் உண்டு. ஒன்று, ஊர் முழுக்கச் சொல்லப்படும் அளவுக்கு அது நிரூபணமாகவில்லை. இரண்டாவது புகார்தான் எனக்கு முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முதலாவது புரிந்திருக்க வேண்டும்.

முதலில் வரலாறு. கோயிலுக்குள் தரையிலிருந்து ஏதோ ஒரு மூச்சு, கிரேக்கத்தில் 'நியூமா', வந்தது என்று பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஸ்ட்ராபோ ஒரு குகையைச் சொல்கிறார். டியோடோரஸ் ஓர் ஆட்டுக் கதை சொல்கிறார்: மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒரு பிளவின் பக்கம் போனதும் துள்ளிக் குதித்தனவாம், மேய்ப்பவன் போய்ப் பார்த்தால் அவனுக்கும் அதே கதியாம். 1892-இல் பிரெஞ்சு தொல்லியல் பள்ளி பெரிய அளவில் தோண்ட ஆரம்பித்தது. அதற்காகக் கோயிலின் மேலேயே உட்கார்ந்திருந்த கஸ்திரி என்ற கிராமத்தை மொத்தமாகப் பெயர்த்து மேற்கே கொண்டுபோய் வைத்தார்கள். கோயில் தரையைத் தோண்டியவர்களுக்குப் பிளவு எதுவும் கிடைக்கவில்லை. 1904-இல் ஆப்பே என்ற ஆங்கிலேயர், பிளவும் இல்லை புகையும் இல்லை, எல்லாம் பிற்காலத்துக் கட்டுக்கதை என்று எழுதினார். அடுத்த தொண்ணூறு சொச்சம் ஆண்டுகளுக்கு அறிஞர்கள் மத்தியில் அதுதான் தீர்ப்பு.

2001-இல் டி போயர் என்ற புவியியலாளர், ஹேல் என்ற தொல்லியலாளர், சாண்டன் என்ற வேதியியலாளர் மூவரும் சேர்ந்து 'ஜியாலஜி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு நிலப் பிளவுக் கோடுகள் கோயிலுக்கு அடியில் வெட்டிக்கொள்கின்றன. அடியில் இருப்பது எண்ணெய்ச் சத்துள்ள சுண்ணாம்புப் பாறை. பாறை உராயும்போது சூடாகி லேசான ஹைட்ரோகார்பன் வாயுக்கள் மேலே வரலாம். பழைய ஊற்றுப் படிவுகளில் மீத்தேனும் ஈத்தேனும் அகப்பட்டன. கோயிலுக்கு மேலே உள்ள கெர்னா ஊற்று நீரில் கொஞ்சம் எத்திலீனும் இருந்தது. எத்திலீன் 20-ஆம் நூற்றாண்டில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாகப் பயன்பட்டது, அதற்கு இனிய மணம் உண்டு. புளூட்டார்க்கும் இனிய மணம் என்கிறார். எல்லாம் பொருந்துகிறது.

கட்டுரை நல்ல கட்டுரை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய ஆசிரியர்களைப் பொய்யர் என்று தள்ளாமல், "அவர்கள் சொன்ன நிலவியல் சரியா என்று தரையில் போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பிய துணிச்சல் பெரிய விஷயம். தரை தாங்கிக்கொடுத்த அளவில் அது சரி. சிக்கல் ஆரம்பிப்பது எத்திலீனில்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. "இந்த மாட்யூல்தான் காரணம்" என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, அது அந்த அளவுக்குச் சுமை தாங்குமா என்பது. அதே கேள்வியை இங்கே கேட்டுப் பார்த்தேன். கெர்னா ஊற்றில் அளக்கப்பட்ட எத்திலீன் லிட்டருக்கு 0.3 நேனோமோல். எடையில் சொன்னால் எட்டு நேனோகிராம் சொச்சம். பித்தியா உட்கார்ந்த அறையை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். (அறையின் அளவு என் ஊகம். வேண்டுமானால் பாதியாக்கிக்கொள்ளுங்கள், முடிவு மாறாது.) காற்றில் 20 சதவீதம் எத்திலீன் இருந்தால் மனநிலை மாறும் என்று வாதத்துக்காக ஏற்போம். அப்படியானால் நாலரை கன மீட்டர் வாயு வேண்டும், ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஊற்று நீரிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் சுமார் 62,000 கோடி லிட்டர் நீர் தேவை.

இது அவர்களை மடக்கும் கணக்கு இல்லை, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நீரில் மிஞ்சிய வாயு, பாறையிலிருந்து நேராகக் கசிந்த வாயுவின் அளவைக் காட்டாது. அன்றைக்குக் கசிவு அதிகமாக இருந்திருக்கலாம் என்பதுதான் அவர்கள் வாதமே. இருக்கட்டும். ஆனால் அளந்ததற்கும் தேவைப்படுவதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பள்ளத்தை 'இருந்திருக்கலாம்' என்ற ஒரு சொல் நிரப்புகிறது. காணொளிகளில் அந்தச் சொல்லும் காணாமல் போய்விடுகிறது.

நெருப்பு இன்னொரு பிரச்சினை. காற்றில் எத்திலீன் 2.7 சதவீதத்தைத் தாண்டினாலே பற்றிக்கொள்ளும். அறுவை அரங்குகளில் அதைக் கைவிட்டதற்கு ஒரு காரணமே அது வெடிக்கும் என்பதுதான். டெல்பி கோயிலுக்குள் அணையா நெருப்பு இருந்தது. சடங்கில் லாரல் இலையும் பார்லி மாவும் எரித்தார்கள். இருபது சதவீத எத்திலீனும் எரியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் நூற்றாண்டுக் கணக்கில் சமாதானமாக இருந்தன என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஃபாஸ்டர், லெஹூ இருவரும் 2007-இல் எத்திலீன் வாதத்தை நச்சியல் இதழிலேயே விரிவாக மறுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு எத்தியோப்பே என்ற இத்தாலிய அறிஞர் தலைமையில் ஒரு குழு அதே 'ஜியாலஜி' இதழில், அங்கே மீத்தேனும் கரியமில வாயுவும் கசிவது உண்மை, காற்றோட்டமில்லாத அறையில் ஆக்சிஜன் குறைந்திருக்கக்கூடும், ஆனால் மயக்கும் அளவு எத்திலீன் அந்த மண்ணில் உருவாக வழியில்லை என்று எழுதியது. அதே 2006-இல்தான் வில்லியம் பிராட் என்ற பத்திரிகையாளர் டி போயர் குழுவைக் கதாநாயகர்களாக்கி 'தி ஆரக்கிள்' என்ற புத்தகம் போட்டார். விறுவிறுப்பான புத்தகம். ஜெயித்தது புத்தகம். மறுப்புக் கட்டுரையை வைத்து யார் காணொளி எடுப்பார்கள்?

இதையெல்லாம் விட எனக்கு உறுத்தியது புளூட்டார்க்கைக் கையாண்ட விதம். அவர் டெல்பியிலேயே பூசாரியாக இருந்தவர். நேரடி சாட்சி என்று எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். சரி, சாட்சி என்ன சொல்கிறார்? மணம் எப்போதாவதுதான் வரும், முறையாக வராது, கேள்வி கேட்க வந்தவர்கள் உட்காரும் அறையில் வீசும். தினசரி இயங்கும் இயந்திரத்துக்கான எரிபொருள் மாதிரி இது ஒலிக்கிறதா? மேலும் அது ஓர் உரையாடல் நூல். நியூமா கோட்பாட்டைப் பேசுவது அவருடைய சகோதரர் லாம்ப்ரியாஸ் என்ற பாத்திரம். பல கோயில்களில் குறி சொல்வது ஏன் நின்றுபோனது என்று விளக்க அவர் முன்வைக்கும் ஒரு கருத்து அது. நாவலில் ஒரு பாத்திரம் பேசியதை எடுத்து ஆசிரியரின் வாக்குமூலம் என்று போட்டால் விடுவோமா?

பித்தியா வெறிபிடித்துக் கத்தியதாக அவர் சொல்வது ஒரே ஒரு சம்பவம். பலி ஆட்டின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள், அது உடம்பெல்லாம் நடுங்கினால்தான் அன்றைக்குக் குறி கேட்கலாம். அன்று ஆடு நடுங்கவில்லை. வெளியூர்த் தூதுக்குழு காத்திருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டே இருந்து ஒருவழியாக நடுங்க வைத்தார்கள். மனமில்லாமல் உள்ளே இறங்கிய பித்தியாவின் குரல் கரகரத்தது, அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடி விழுந்தாள், சில நாட்களில் இறந்துபோனாள். புளூட்டார்க் இதைச் சொல்வதே இது வழக்கத்துக்கு மாறாக நடந்தது என்பதற்காக. நாம் இதையே வழக்கமாக்கிவிட்டோம். விதிவிலக்கை மட்டும் பதிவுசெய்த எரர் லாகை வைத்து அமைப்பே இப்படித்தான் ஓடும் என்று முடிவு கட்டுவது போல.

பித்தியா பற்றி அவர் சொல்லும் இன்னொரு தகவலை யாரும் எடுப்பதில்லை. அவர் காலத்துப் பித்தியா ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண், படிப்பு கிடையாது, நேர்மையாக வாழ்ந்தவள். அவ்வளவுதான். இந்தப் பெண் சொன்ன பதில்கள் உளறலாகவும் இருக்கவில்லை. ஜோசப் ஃபோன்டென்ரோஸ் 1978-இல் டெல்பி பதில்களையெல்லாம் திரட்டி வகைப்படுத்தினார். சமகாலச் சான்றோடு கிடைப்பவை என்று அவர் தேற்றியவை வெறும் 75. அவற்றில் பெரும்பாலானவை இன்ன தெய்வத்துக்குப் பலி கொடு, இந்தச் சட்டம் சரி, இந்த நிலத்தைப் பயிரிடாதே என்ற ரகம். இரட்டை அர்த்தப் புதிர்கள் எல்லாம் பின்னால் வந்த கதைகளில்தான் குவிந்திருக்கின்றன. உளறலே இல்லையென்றால் உளறலுக்குக் காரணமாக வாயு எதற்கு? விளக்க வேண்டிய விஷயம் இருக்கிறதா என்று பார்க்காமலே விளக்கம் தேடியிருக்கிறோம்.

சரி, இரண்டாவது புகார்.

ஏதென்ஸிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம், சுமார் 180 கிலோமீட்டர். பர்னாசஸ் மலையின் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே, படிப்படியாக வெட்டிய சரிவில் இருக்கிறது டெல்பி. நுழைந்ததும் புனித வழி வளைந்து வளைந்து ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நகரமும் தன் பெருமைக்குக் கட்டிய கருவூலங்களின் அடித்தளங்கள். ஏதென்ஸின் கருவூலம் மட்டும் 1903 முதல் 1906 வரை திரும்ப எடுத்துக் கட்டப்பட்டதால் முழுசாக நிற்கிறது. அதைத் தாண்டி கொஞ்சம் ஏறினால் இடப்பக்கம் ஒரு நீண்ட தாங்குசுவர். கி.மு. 548-இல் பழைய கோயில் எரிந்த பிறகு புதுக் கோயிலுக்கு மேடை அமைக்கக் கட்டியது. கற்கள் சதுரமாக இல்லை. வளைந்த ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன, பலாச்சுளை அடுக்கியது போல. நில நடுக்கங்களைத் தாங்கிவிட்டது. கி.மு. 373-இல் மேலே இருந்த கோயில் சரிந்தபோதும் சுவர் நின்றது.

நான் நின்றிருந்த நேரத்தில் மூன்று சுற்றுலாக் குழுக்கள் கடந்துபோயின. மூன்று வழிகாட்டிகளும் கற்கள் பொருந்தும் அழகைச் சொன்னார்கள், ஒருவர் மட்டும் "கல்வெட்டுகளும் உண்டு" என்றார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு மேலே கோயிலுக்குப் போனார்கள். அங்கே வாயுவைப் பற்றிக் கால் மணி நேரம்.

அந்தச் சுவரின் கற்களில் கைக்கு எட்டும் உயரமெல்லாம் எழுத்து. சின்னச் சின்ன எழுத்து, வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். நூற்றுக்கணக்கான ஆவணங்கள். பெரும்பாலானவை அடிமைகளை விடுதலை செய்த பத்திரங்கள்.

1840 கோடையில் கார்ல் ஆட்ஃப்ரீட் மியூல்லர் என்ற ஜெர்மன் அறிஞர், அப்போது வெளியே தெரிந்த பகுதியிலிருந்து இந்த எழுத்துகளைப் பிரதி எடுத்தார். தலையில் ஒன்றும் இல்லாமல் வெயிலில் வேலை செய்து காய்ச்சலில் விழுந்தார். ஏதென்ஸுக்குத் தூக்கிப் போனார்கள், ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். வயது 42. அவருடன் இருந்த மாணவர் எர்ன்ஸ்ட் குர்ட்டியுஸ் அந்தப் பிரதிகளை 1843-இல் வெளியிட்டார். 1860-61-இல் வெஷேர், ஃபூக்கார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் சுவரை மேலும் தோண்டி, 1863-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை அச்சிட்டார்கள்.

பத்திரத்தின் அமைப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இன்னார் ஆட்சி ஆண்டில், இன்ன மாதத்தில், இன்னார் பித்தியன் அப்போலோவுக்கு இன்ன பெயருள்ள ஒரு 'பெண் உடலை' (சொல்லே அப்படித்தான்), இன்ன இனம், இத்தனை மினா வெள்ளிக்கு விற்றார், முழு விலையும் பெற்றுக்கொண்டார். ஜாமீன் இன்னார். சாட்சிகள் இன்னார். இவளை இனி யாரும் தன் அடிமை என்று பிடிக்கக்கூடாது, விரும்பியதைச் செய்யலாம், விரும்பிய இடத்துக்குப் போகலாம். அப்படி யாராவது பிடித்தால் ஜாமீன்காரர் வந்து நிற்க வேண்டும். வழியில் போகிற யார் வேண்டுமானாலும் அவளை மீட்கலாம், அதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது.

கடவுளுக்கு எதற்கு விற்க வேண்டும்? அடிமைக்குச் சட்டத்தில் ஒப்பந்தம் போடும் உரிமை இல்லை. தன் சேமிப்பைக் கொடுத்துத் தன்னையே வாங்க முடியாது. அதனால் பணத்தைக் கடவுளிடம் ஒப்படைக்கிறாள், கடவுள் வாங்குகிறார், வாங்கி விட்டுவிடுகிறார். சட்டத்தின் ஓட்டையைக் கடவுளை வைத்து அடைத்திருக்கிறார்கள். அதைப் புனித வழியின் ஓரத்தில் கல்லில் வெட்டினால் நாளைக்கு முதலாளியின் மகன் வந்து இல்லை என்று சொல்ல முடியாது. யாரும் அழிக்க முடியாத, எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேடு. டெல்பியின் நம்பகத்தன்மை அந்தச் சாதாரண மனிதர்களுக்கு எதற்குப் பயன்பட்டது என்பதை எந்த வாயுவையும் விட இது தெளிவாகச் சொல்கிறது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் முன்பாதியைச் சேர்ந்த ஒரு டெல்பி ஆவணத்தில் மூன்று பெயர்கள் சேர்ந்து வருகின்றன: ஆன்டிகோனா, யூத இனம்; அவள் மகள்கள் தியோடோரா, டோரோதியா. மூவருக்கும் சேர்த்து ஏழு மினா. ஒரு மினாவுக்கு 100 திராக்மா. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் கைத்தொழில் தெரிந்த ஆளின் நாள் கூலி ஏறத்தாழ ஒரு திராக்மா. காலமும் ஊரும் வேறுதான், ஆனாலும் அளவு புரியும்: 700 நாள் கூலி. அந்தத் தாய் எத்தனை வருடம், யாருக்கும் தெரியாமலோ தெரிந்தோ, எதில் சேர்த்தாள்? பத்திரம் அதைச் சொல்வதில்லை.

எல்லாப் பத்திரங்களும் இவ்வளவு நல்லபடியாக முடிவதும் இல்லை. 'பரமோனே' என்று ஒரு நிபந்தனை பலவற்றில் வரும். கூடவே தங்கியிருத்தல் என்று பொருள். விலையை வாங்கிக்கொண்டாயிற்று, கல்லிலும் வெட்டியாயிற்று, ஆனால் முதலாளி உயிரோடு இருக்கும்வரை அவள் கூடவே இருந்து சொன்ன வேலையெல்லாம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடிக்கலாம். சிலவற்றில் இன்னும் மோசம்: விடுதலையாகும் பெண், தன் குழந்தையை முதலாளியின் வாரிசிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இதைப் புள்ளிவிவரமாகப் படித்துக் காட்டியவர் கீத் ஹாப்கின்ஸ். 1978-இல் வந்த அவருடைய 'கான்கரர்ஸ் அண்ட் ஸ்லேவ்ஸ்' புத்தகத்தில் டெல்பி பத்திரங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. கி.மு. 201 முதல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள். பெண்களே அதிகம். நூற்றாண்டு செல்லச் செல்ல முழு விடுதலையின் விலை ஏறுகிறது, நிபந்தனை விடுதலையின் பங்கும் கூடுகிறது. முதலாளிகளுக்கு இதில் என்ன லாபம் என்று அவர் கேட்கிறார்: வயதாகும் அடிமையின் முழு விலையையும் வாங்கிக்கொண்டு, அவள் உழைப்பையும் சாகும்வரை வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் இளைய அடிமை ஒருத்தியை வாங்கலாம். விடுதலை என்ற நம்பிக்கைதான் அடிமையை உழைக்க வைத்தது, அந்த உழைப்புதான் அடிமை முறையை ஓட்டியது. படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஹாப்கின்ஸ் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு: பட்டியலும் சராசரியுமாகப் போகிற வேகத்தில் ஆன்டிகோனா போன்றவர்கள் வெறும் எண்ணாகிவிடுகிறார்கள். ஆனால் அவர் மூலத்தை எண்ணினார். 'இருந்திருக்கலாம்' என்று எழுத வேண்டிய இடங்களை 'இருந்திருக்கலாம்' என்றே எழுதினார்.

புத்தகம் வந்தது 1978. எத்திலீன் கட்டுரை 2001. இரண்டில் எது உலகம் சுற்றியது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பெண் போதையில் உளறினாள் என்ற கதை சுலபமாக விற்கிறது. அதே மேடையின் சுவரில் ஆயிரம் பேர் தங்கள் பெயரை, இனத்தை, விலையை நிதானமாகப் பதிந்து வைத்தது விற்கவில்லை. வாயுவுக்கான ஆதாரம் லிட்டருக்கு எட்டு நேனோகிராம். சுவருக்கான ஆதாரம் சுவர்.

போகிறவர்களுக்கு: கோடையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், தொப்பியோடு. சுவர் தெற்குப் பார்த்தது, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து மேலெழும்பித் தெரியும். பத்து மணிக்கு மேல் வெறும் கல்தான். கயிறு கட்டியிருப்பார்கள், தொட முடியாது. நல்ல ஜூம் உள்ள கேமரா போதும். 'ஆப்போலோனி' (அப்போலோவுக்கு), 'சோமா' (உடல்), 'எலுதெரா' (சுதந்திரமானவள்) என்ற மூன்று சொற்களின் கிரேக்க வடிவத்தை மட்டும் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு போனேன். பதினைந்து நிமிடத்தில் 'எலுதெரா' நாலு இடத்தில் கிடைத்தது.